வயல்ல உப்பு ஏறுதா? அறிகுறியை வெச்சு கோளாறு எங்கன்னு கண்டுபிடிக்கிற வழி

பயிர் சரியா வரலன்னா முதல்ல உரம் பத்தலன்னு தோணும், அப்புறம் விதை மேல சந்தேகம் வரும், அப்புறம் நோயா இருக்குமோன்னு மருந்து அடிப்போம், உப்பா இருக்குமோன்னு யோசிக்கிறதுக்குள்ள நாலஞ்சு போகம் ஓடிப்போயிருக்கும். அதுக்குள்ள உப்பு வேர் ஓடுற ஆழம் பூரா பரவி உக்காந்திருக்கும். அதனாலதான் இதை அறிகுறி வாரியா எழுதுறேன், உங்க வயல்ல எது கண்ணுல படுதோ அங்கருந்து படிங்க. ஆனா எந்த அறிகுறியா இருந்தாலும் கடைசில ரெண்டு கேள்விக்குத்தான் பதில் தேடுறோம்: இந்த உப்பு எது வழியா உள்ள வருது, எது வழியா வெளிய போகும். ரெண்டாவதுக்குப் பதில் தெரியாம ஜிப்சம் கொட்டினாலும் சரி, தண்ணி கட்டி அலசினாலும் சரி, பட்ட பாடெல்லாம் வீண்தான். அப்படி பாடுபட்டு ஓஞ்சுபோனவங்களைப் பார்த்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும்.

நல்ல தண்ணின்னு நாம சொல்ற தண்ணிலயும் உப்பு இருக்கு. ஈசின்னா தண்ணி எவ்வளவு மின்சாரம் கடத்துதுங்கிற அளவு, உப்பு கூடினா அதுவும் கூடும். ஈசி மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸ் (கீழ வர்ற ஈசி எண்ணெல்லாம் இதே கணக்குதான்) காட்டுற தண்ணில லிட்டருக்கு சுமார் 640 மில்லிகிராம் கரைஞ்ச உப்பு இருக்கும், கேக்க கம்மியாத்தான் இருக்கும். ஆனா ஒரு போகத்துக்கு எல்லாம் சேர்த்து ஒரு மீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினா ஹெக்டேருக்கு 10,000 கனமீட்டர் தண்ணி, அதுல 6.4 டன் உப்பு. செடி தண்ணியை உறிஞ்சி இலை வழியா ஆவியா விட்டுடும், உப்புல ரொம்பக் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கும், மிச்சம் அத்தனையும் மண்ணுலயே நிக்கும். அடுத்த போகத்துக்கு இன்னொரு ஆறு டன். மழையோ கூடுதல் தண்ணியோ அதை வேருக்குக் கீழ தள்ளி, அங்கருந்து ஒரு வடிகால் வெளிய கொண்டுபோகணும், இல்லன்னா கணக்கு ஏறிக்கிட்டேதான் போகும்.

பேர் குழப்பத்தை முதல்லயே தீர்த்துக்கலாம், ஏன்னா வைத்தியம் தப்பிப்போறதே பாதி இங்கதான். உவர் நிலம்னா கரையக்கூடிய உப்பு மொத்தமா அதிகமா இருக்கிற மண். களர் நிலம்னா களித்துகள் மேல சோடியம் ஒட்டிக்கிட்டு மண்ணோட கட்டமைப்பையே கெடுத்து வெச்சிருக்கிற மண். அமெரிக்காவுல ரிவர்சைடுல இருக்கிற உப்புத்தன்மை ஆய்வகம் 1954-ல போட்ட கையேட்டுல வகுத்த அளவுகள்தான் இன்னைக்கும் பெரும்பாலும் புழக்கத்துல இருக்கு: மண்ணோட நிறைவுச் சாற்றுல (மண்ணைத் தண்ணி விட்டு கூழா குழைச்சு அதுலருந்து வடிச்செடுக்கிற சாறு) ஈசி 4-க்கு மேல போனா உவர், ஒட்டியிருக்கிற சோடியம் 15 சதவீதத்துக்கு மேல போனா களர் (இதுல மண்ணோட காரத்தன்மையைச் சொல்ற பி.எச் பொதுவா 8.5-ஐத் தாண்டிடும்), ரெண்டும் சேர்ந்து இருந்தா களர்-உவர். உவருக்கு மருந்து தண்ணியும் வடிகாலும். களருக்கு முதல்ல கால்சியம் (ஜிப்சம்ங்கிறது கால்சியம் சல்பேட், அதுலருந்து கிடைக்கும்), அப்புறம்தான் தண்ணியும் வடிகாலும். வெறும் உவர் நிலத்துல ஜிப்சம் போட்டா ஏற்கனவே இருக்கிற உப்போட இன்னொரு உப்பைச் சேர்த்த கதைதான்.

கையில வேணும்கிறது கொஞ்சம்தான். ஒரு ஈசி மீட்டர் (1413 மைக்ரோசீமன்ஸ் அளவுத் திரவத்துல போட்டு அப்பப்ப சரிபார்த்துக்கோங்க, சரிபார்க்காத மீட்டரை நம்பி முடிவு எடுக்காதீங்க), மண் எடுக்கிற ஆகர், கொஞ்சம் மழைத்தண்ணி இல்லன்னா டிஸ்டில்டு வாட்டர், ரெண்டு மூணு கண்ணாடி டம்ளர், மூணு மீட்டர் நீள பிவிசி பைப் ஒண்ணு. பைப் எதுக்குன்னு பின்னாடி சொல்றேன், அதுதான் இருக்கிறதுலயே முக்கியமான கருவி.

அறிகுறி: மேல் மண்ணுல வெள்ளையா பூக்குது

வெள்ளையா இருக்கிறதெல்லாம் உப்பு இல்ல. சுண்ணாம்பும் வெள்ளையாத்தான் இருக்கும். கொஞ்சம் சுரண்டி மழைத்தண்ணில போட்டுக் கலக்குங்க, கரைஞ்சு ஈசி சட்டுனு ஏறினா உப்பு. கரையாம அடியில தங்கி, மேல வினிகர் விட்டா நுரைச்சுக்கிட்டு வந்தா சுண்ணாம்பு. வெள்ளைக்கு பதிலா கறுப்பா, காஞ்சதும் பளபளன்னு ஒரு பொருக்கு தெரிஞ்சா அது பெரும்பாலும் களர், கூடிப்போன பி.எச்-ல மண்ணோட மக்கு கரைஞ்சு மேல வந்து படிஞ்ச கறுப்பு அது. பக்கத்து மண்ணெல்லாம் காஞ்சு கிடக்கும்போது ஒரு திட்டு மட்டும் காலையில ஈரமா எண்ணெய் ஊத்தின மாதிரி இருந்தா, காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கிற கால்சியம், மெக்னீசியம் குளோரைடு உப்பு அங்க சேர்ந்திருக்கலாம்.

உப்புதான்னு தெரிஞ்சதும் உடனே தண்ணி கட்ட ஓடாதீங்க. முதல்ல ஆகரை எடுத்து 0-15, 15-30, 30-60, 60-90 சென்டிமீட்டர்னு நாலு ஆழத்துல தனித்தனியா மண் எடுங்க, நல்ல இடத்துல ஒரு குழி, கெட்ட திட்டுல ஒரு குழி. காய வெச்சு, பொடிச்சு, ஒரு பங்கு மண்ணுக்கு அஞ்சு பங்கு மழைத்தண்ணி எடையில கலந்து நல்லா குலுக்கி, தெளிய விட்டு மீட்டரை வைங்க. வர்ற எண் நேரடியா பயிர் அட்டவணையோட ஒப்பிடுற எண் இல்ல, பெருக்கணும், மணல்பாங்கான மண்ணுக்கு சுமார் 14, நடுத்தர மண்ணுக்கு சுமார் 10, கனத்த களிக்கு 6-லருந்து 8. உதாரணமா நடுத்தர மண்ணுல 0.5 வந்தா நிறைவுச் சாற்று கணக்குல கிட்டத்தட்ட 5.

இந்த நாலு எண்ணையும் மேலருந்து கீழ வரிசையா எழுதிப் பாருங்க, கோளாறு எங்கன்னு பாதி அதுலயே தெரிஞ்சிடும். மேல ரொம்ப அதிகமா இருந்து கீழ போகப்போக குறைஞ்சா உப்பு கீழருந்து மேல வருது, அதாவது நிலத்தடி நீர்மட்டம் பக்கத்துல வந்துடுச்சு, ஈரம் மண்ணோட நுண்துளை வழியா ஏறி வந்து ஆவியாகி உப்பை மேல விட்டுட்டுப் போகுது. மேல குறைவா இருந்து கீழ போகப்போக அதிகமானா தண்ணி கீழ்நோக்கிப் போகுது, உப்பைத் தள்ளிக்கிட்டுத்தான் இருக்கு, இது நல்ல சேதி. நடுவுல, வேர் முடியுற ஆழத்துல மட்டும் ஒரு வீக்கம் மாதிரி அதிகமா இருந்தா நீங்க பாய்ச்சுற தண்ணி அங்கயோட நின்னுடுது, பயிருக்குப் பத்துற அளவுதான் கொடுக்கிறீங்க, அலசுறதுக்குன்னு கூடுதலா எதுவும் போகல. ஒரே வெள்ளைப் பூப்பா இருந்தாலும் மூணுக்கும் வைத்தியம் வேற வேற, முதல் ரகத்துக்கு மூணாவதுக்கான வைத்தியம் பண்ணி இன்னும் தண்ணி விட்டா நீர்மட்டம் இன்னும் மேல வந்து நிலைமை மோசமாயிடும்.

அறிகுறி: மண் ஈரமாத்தான் இருக்கு, ஆனா செடி மதியம் வாடுது

இதைப் பார்த்துத்தான் ரொம்ப பேர் ஏமாந்துபோறாங்க. செடி வாடுதுன்னா கை தானா மோட்டார் சுவிட்சுக்குப் போயிடும். மண்ணுல உப்பு கூடிட்டா தண்ணி இருந்தும் வேரால இழுக்க முடியாது, உப்பு தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். இலை சின்னதாயி, நிறம் கொஞ்சம் கரும்பச்சையா நீலம் கலந்த மாதிரி மாறி, வளர்ச்சி திட்டுத் திட்டா குட்டையா நிக்கும். இதே வாட்டம் வேருக்குக் காத்து இல்லாம மூச்சு முட்டினாலும் வரும். அந்த ரெண்டும் சேர்ந்தே வர்றதுதான் வழக்கம்.

ஒரு தடவை இப்படி ஒரு வயலைப் பார்க்கக் கூப்பிட்டாங்க. தண்ணி பாய்ச்சி பன்னெண்டு நாள் ஆச்சு, மேல வெடிப்பு விட்டிருக்கு, செடி தொங்கிக்கிட்டு நிக்குது, தண்ணி பத்தல ஐயா, இன்னும் ரெண்டு தடவை சேர்த்து விடலாமான்னு கேட்டாரு. ஆகரை இறக்கினோம். முதல் அடி காஞ்ச கட்டியா வந்துச்சு. ரெண்டாவது அடியில மண் கைல ஒட்டுச்சு. மூணாவது அடியில ஆகரை வெளிய இழுக்கும்போதே சளக்குன்னு ஒரு சத்தம், மண் கூழா வழியுது, சாம்பல் நிறம், நடுநடுவுல துரு மாதிரி ஆரஞ்சுப் புள்ளி. குழியை அப்படியே விட்டுட்டு உக்காந்து பேசிக்கிட்டிருந்தோம், கொஞ்ச நேரத்துல உள்ள தண்ணி மினுங்குது, குனிஞ்சு பார்த்தா முழங்கை ஆழத்துக்குக் கொஞ்சம் கீழ வந்து நிக்குது. மீட்டர் வெச்சா வாய்க்கால் தண்ணியைவிட பத்து மடங்குக்கு மேல. அவரு எதுவும் சொல்லல, அந்தக் குழியையே பார்த்துக்கிட்டு நின்னாரு. தண்ணி பத்தாம வாடல அந்தச் செடி, கீழருந்து ஏறுற உப்புத்தண்ணில நின்னுக்கிட்டு வாடுது.

அந்தச் சாம்பல் நிறத்தையும் ஆரஞ்சுப் புள்ளியையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. நீர்மட்டம் இப்ப கீழ இருந்தாக்கூட, வருஷத்துல கொஞ்ச காலம் அந்த உயரம் வரைக்கும் தண்ணி வந்து நின்னுட்டுப் போகுதுங்கிறதுக்கு அது மண்ணே எழுதி வெச்ச சாட்சி.

இங்கதான் அந்த பைப். கீழ்ப்பாதியில ரம்பத்தால சின்னச் சின்ன கீறல் போட்டு, அடியை மூடி, ஆகர் குழியில இறக்கி சுத்தி கரட்டு மணல் நிரப்பி, மேல ஒரு அடிக்கு களிமண்ணால இறுக்கி அடைச்சிடுங்க (இல்லன்னா மேல் தண்ணி பைப் ஓரமாவே இறங்கி பொய் அளவு காட்டும்). வாரத்துக்கு ஒரு தடவை நூல்ல கனமா எதையாவது கட்டி இறக்கி ஆழத்தை எழுதி வைங்க. வயலோட மேட்டுல ஒண்ணு, பள்ளத்துல ஒண்ணு இருந்தா இன்னும் நல்லது. தரைக்குக் கீழ ரெண்டு மீட்டருக்குள்ள உப்பான நீர்மட்டம் வந்துட்டா எச்சரிக்கையாகணும், ஒன்றரைக்குள்ள வந்துட்டா உப்பு மேல வர்ற வேகம் நல்லாவே கூடிடும். வண்டல் கலந்த நடுத்தர மண்ணுலதான் ஈரம் உயரமாவும் வேகமாவும் ஏறும், கரட்டு மணல்ல ரொம்ப உயரம் ஏறாது, கனத்த களியில உயரம் ஏறும் ஆனா மெதுவா.

நீர்மட்டம் ஏறினதுக்குக் காரணம் உங்க வயல்ல இல்லாமக்கூட இருக்கலாம். மேல இருக்கிற பூச்சு போடாத வாய்க்கால், கரை ஓரக் குட்டை, மேட்டு வயல்காரர் தேவைக்கு மேல விடுற தண்ணி, அழிச்சுட்ட மரக்கூட்டம், எதுவும் காரணமாகலாம். சிந்து சமவெளியில பெரிய கால்வாய்கள் வந்தப்புறம் ஆழத்துல கிடந்த நீர்மட்டம் சில பத்தாண்டுகள்ல மேல ஏறி நல்ல நிலமெல்லாம் வெளுத்துப்போய், 1960-கள்ல ஆயிரக்கணக்கா குழாய்க்கிணறு போட்டு இறைச்சு நீர்மட்டத்தை இறக்க வேண்டி வந்துச்சு. ஆஸ்திரேலியாவுல பாசனமே இல்லாத கோதுமை நிலத்துல இது நடந்துச்சு, ஆழமா வேர் விட்ட மரங்களை வெட்டிட்டு ஆண்டுப்பயிர் போட்டதும் மழைத்தண்ணி கூடுதலா கீழ இறங்கி, பழைய உப்பைக் கரைச்சுக்கிட்டு மேல வந்துடுச்சு. வாய்க்கால் ஓரத்துல மட்டும் திட்டு இருந்தா வாய்க்காலுக்கும் வயலுக்கும் நடுவுல ஒரு ஆழமான தடுப்பு வடிகால் வெட்டினாலே பாதி தீரும். வயல் பூரா இருந்தா மண்ணுக்கடியில துளை போட்ட பைப் வடிகால் போடணும், பொதுவா ஒன்றரை மீட்டர் ஆழம் சுத்தி, ரெண்டு வரிசைக்கு நடுவுல எவ்வளவு இடைவெளின்னு மண்ணோட ஊடுருவு திறன் அளந்துதான் முடிவு பண்ணணும், கண்ணால மதிப்பு போடாதீங்க.

அறிகுறி: போர் தண்ணி நல்லா இறங்குது, மழைத்தண்ணி மட்டும் தேங்கி நிக்குது

கேக்க விசித்திரமா இருக்கும் ஆனா களருக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்ல. சோடியம் ஒட்டின களித்துகள் ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு பிரிஞ்சு போகப் பார்க்கும், பாய்ச்சுற தண்ணில உப்பு இருக்கிற வரைக்கும் அந்த உப்பு துகள்களைச் சேர்த்துப் பிடிச்சு வெச்சிருக்கும், உப்பே இல்லாத மழைத்தண்ணி விழுந்ததும் பிடி விட்டுப்போய் துகள் எல்லாம் பிரிஞ்சு மிதந்து துளைகளை அடைச்சிடும். காஞ்சதும் மேல சிமெண்ட் பூசின மாதிரி பொருக்கு, முளை வெளிய வர முடியாது.

டம்ளர் சோதனை பண்ணுங்க. ஒரு டம்ளர்ல மழைத்தண்ணி ஊத்தி ஆடாம வெச்சு, பட்டாணி அளவு காஞ்ச மண்கட்டி ஒண்ணை மெதுவா உள்ள விடுங்க, கலக்காதீங்க. நல்ல மண்ணுன்னா கட்டி உடைஞ்சு சின்னச் சின்னத் துணுக்கா உதிரும், ஆனா சுத்தி தண்ணி தெளிவாவே இருக்கும். களர் மண்ணுன்னா கட்டியைச் சுத்தி பால் மாதிரி ஒரு வளையம் கிளம்பும், பத்து நிமிஷத்துலயே தெரியலாம், ரெண்டு மணி நேரம் வரைக்கும் பாருங்க, மறுநாள் காலையில டம்ளர் பூரா கலங்கிப்போய் அந்தப் பக்கம் இருக்கிற விரல் தெரியாது. களர்-உவர் மண் இந்தச் சோதனையில நல்ல பிள்ளையா நடிக்கும், உப்பு பிடிச்சு வெச்சிருக்கிறதால தெளிவா இருக்கும், அதனால ஈசி அதிகமா இருக்கிற மண்ணை மழைத்தண்ணில ரெண்டு தடவை அலசிக் காய வெச்சு மறுபடி போட்டுப் பாருங்க. இதைத் தெரிஞ்சுக்காம களர்-உவர் நிலத்தை நேரா நல்ல தண்ணியால அலசினா உப்பு போய் சோடியம் மட்டும் மிஞ்சி மண் இறுகிடும், அதுக்கப்புறம் தண்ணி இறங்கவே இறங்காது.

மருந்து ஜிப்சம். எவ்வளவுன்னு ஆய்வகத்துல ஜிப்சம் தேவை அளவு கேட்டு வாங்குங்க, தோராயமா புரிஞ்சுக்கணும்னா 100 கிராம் மண்ணுல 1 மில்லிஈக்விவலன்ட் (ஆய்வக ரிப்போர்ட்ல meq-ன்னு போடுற அளவு) சோடியத்தை ஒரு அடி ஆழத்துக்கு வெளியேத்த ஹெக்டேருக்கு மூன்றரை டன்னுக்குக் கொஞ்சம் மேல சுத்த ஜிப்சம் ஆகும். பொடி மாவா இருக்கணும், மேல் மண்ணோட கலக்கணும், அப்புறம் தண்ணி தேங்கி நின்னு இறங்கணும், ஏன்னா லிட்டருக்கு ரெண்டரை கிராம் கிட்டத்தான் ஜிப்சம் கரையும். வினிகர் விட்டா நுரைக்கிற மண்ணுன்னா உள்ளயே கால்சியம் சுண்ணாம்பா அடைஞ்சு கிடக்கு, அங்க கந்தகம் போட்டு அதைக் கரைய வைக்கலாம், ஒரு டன் ஜிப்சத்துக்கு ஈடா கிட்டத்தட்ட 190 கிலோ, ஆனா நுண்ணுயிர் அதை அமிலமா மாத்த வெதுவெதுப்பும் ஈரமும் வேணும், வாரக்கணக்கு மாசக்கணக்குல ஆகும். தக்கைப்பூண்டு வளர்த்து மடக்கி உழுதா வேரும் மக்கும் சேர்ந்து வழி திறந்துவிடும், இதை ஜிப்சத்துக்கு பதிலா இல்ல, கூடவே செய்யுங்க.

மண்ணைத் திருத்தினாலும் தண்ணி பழையபடிதான்னா சோடியம் திரும்ப வந்துடும். தண்ணி ரிப்போர்ட்ல கார்பனேட்டும் பைகார்பனேட்டும் கூட்டி அதுலருந்து கால்சியமும் மெக்னீசியமும் கழிச்சுப் பாருங்க, மில்லிஈக்விவலன்ட் கணக்குல. 1.25-க்குக் கீழன்னா பயமில்ல, 2.5-க்கு மேலன்னா அந்தத் தண்ணி ஒவ்வொரு பாய்ச்சல்லயும் மண்ணுல இருக்கிற கால்சியத்தை சுண்ணாம்பா படிய வெச்சு சோடியத்துக்கு இடம் விட்டுக்கிட்டே இருக்கு. அப்ப தண்ணி வர்ற தொட்டியிலயே ஜிப்சம் கட்டிகளைப் போட்டு அது வழியா ஓட விடுறதுதான் நிரந்தர ஏற்பாடு.

அறிகுறி: பார் உச்சியில மட்டும் முளைப்பு இல்ல / சொட்டுநீர் வயல்ல சின்ன மழைக்கு அப்புறம் செடி கருகுது

ரெண்டும் ஒரே விஷயம். தண்ணி எங்கருந்து எங்க நகருதோ அந்தப் பாதை முடியுற இடத்துல உப்பு சேரும். ரெண்டு பக்கச் சால்லருந்தும் ஈரம் ஏறி பார் உச்சியில சந்திச்சு ஆவியாகும், உப்பு கிரீடம் மாதிரி அங்க உக்காரும், நாம விதையையும் அங்கதான் ஊனுறோம். பெரும்பாலான பயிர் முளைச்சு வெளிய வந்து இளஞ்செடியா நிக்கிற நேரத்துலதான் உப்புக்கு ரொம்ப பயப்படும். விதையை உச்சிக்குப் பதிலா பாரோட சரிவுல, தோள்பட்டையில ஊனுங்க, இல்லன்னா ஒண்ணு விட்டு ஒரு சால்ல தண்ணி விடுங்க, உப்பு எதிர்ப்பக்கம் தள்ளிப்போயிடும்.

சொட்டுநீர்ல ஈரவட்டத்தோட ஓரத்துல உப்பு வளையமா சேரும், வேர் நடுவுல பத்திரமா இருக்கும். அஞ்சு பத்து மில்லிமீட்டர் மழை வந்தா அந்த வளையத்தைக் கரைச்சு நேரா வேர் மேல கொண்டுவந்து விடும், ஆழமா தள்ளுற அளவுக்கு மழை பத்தாது. அதனால மழை ஆரம்பிச்சா சொட்டுநீரை நிறுத்தாதீங்க, ஓட விடுங்க, நல்ல கனமழை பெஞ்சு முடிஞ்சப்புறம் நிறுத்திக்கலாம். மழை பெய்யும்போது எதுக்குத் தண்ணி விடுறீங்கன்னு கேப்பாங்க, காரணம் சொல்லிக் கொடுங்க. அடுத்த போகம் நடும்போதும் பழைய சொட்டுவாய் இருந்த இடத்துலயே நடுங்க, ரெண்டு சொட்டுவாய்க்கு நடுவுல வேண்டாம்.

அறிகுறி: இலை நுனி, ஓரம் கருகுது

வயசான இலை நுனியில ஆரம்பிச்சு ஓரமா பின்னாடி போனா குளோரைடு மேல சந்தேகம், ஓரத்துல ஆரம்பிச்சு நரம்புகளுக்கு நடுவுல உள்ள வந்தா சோடியம், நுனி மஞ்சளாகி கருகி புள்ளி புள்ளியா உள்ள வந்தா போரான். ஆனா பொட்டாஷ் குறைவும் பழைய இலை ஓரத்தைத்தான் கருக்கும், அதைப் பார்த்துட்டு மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் போட்டா அதுல இருக்கிறதே குளோரைடு, கருகல் கூடும். அதனால கண்ணை மட்டும் நம்பாம இலை பரிசோதனை ஒண்ணு பண்ணிடுங்க, பொட்டாஷ் நிஜமாவே தேவைன்னா சல்பேட் வடிவுல கொடுங்க. ஸ்பிரிங்க்ளர் வயல்ல தண்ணி படுற இலை மட்டும் கருகினா பிரச்சனை மண்ணுல இல்ல, இலை மேல காயுற தண்ணில. சோடியமோ குளோரைடோ லிட்டருக்கு 3 மில்லிஈக்விவலன்டைத் தாண்டினா பல பயிருக்கு இது நடக்கும். ராத்திரில பாய்ச்சுங்க, கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி பாய்ச்சாம ஒரே தடவையா பாய்ச்சுங்க.

அறிகுறி: போர் தண்ணி வருஷா வருஷம் உப்பாகுது

மோட்டார் போட்ட உடனே, அரை மணி கழிச்சு, ரெண்டு மணி கழிச்சு, நிறுத்துறதுக்கு முன்னன்னு நாலு பாட்டில்ல தண்ணி பிடிச்சு ஈசி பாருங்க. குறைவா ஆரம்பிச்சு ஓட ஓட ஏறினா கீழ இருக்கிற உப்புத்தண்ணியை போர் உறிஞ்சி கூம்பு மாதிரி மேல இழுக்குது. மோட்டாரோட வேகத்தைக் குறைச்சு, நேரத்தைப் பிரிச்சு ஓட்டுங்க, ஆழமான ஒரு போருக்குப் பதிலா ஆழம் கம்மியான ரெண்டு மூணுலருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுங்க. தண்ணி பத்தலன்னு இன்னும் ஆழம் போட்டீங்கன்னா அந்த உப்புக்கிட்டயே நேரா குழாயை விட்ட மாதிரி ஆயிடும். அதிகமா ஆரம்பிச்சு ஓட ஓட குறைஞ்சா மேல் அடுக்குல இருக்கிற உப்புத்தண்ணி ஓட்டை விழுந்த கேசிங் பைப் வழியா உள்ள ஒழுகி ராத்திரி பூரா சேர்ந்திருக்கலாம், அது சரி பண்ணக்கூடிய கோளாறு.

கடலோரம்னா கணக்கே வேற. நல்ல தண்ணி கடல்தண்ணி மேல மிதக்குது, எடை வித்தியாசத்தால கடல்மட்டத்துக்கு மேல ஒரு மீட்டர் நல்ல தண்ணி நின்னா அதுக்குக் கீழ சுமார் 40 மீட்டர் நல்ல தண்ணி இருக்கும். அப்படியே திருப்பிப் போட்டுப் பாருங்க, இறைச்சு இறைச்சு மேல் மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினா கீழருந்து உப்புத்தண்ணி காலப்போக்குல 40 மீட்டர் ஏறி வரலாம். ஒருத்தர் மட்டும் குறைச்சா போதாது, சுத்தி இருக்கிற எல்லா போரும் சேர்ந்து குறைக்கணும், மழைத்தண்ணியை உள்ள இறக்கணும்.

தண்ணி உப்பாத்தான் இருக்கும்னு ஆயிட்டா பயிரைப் பொருத்திக்கணும். ஐநா உணவு வேளாண் அமைப்போட வழிகாட்டில பாசனத் தண்ணி ஈசி 0.7-க்குக் கீழன்னா தடையில்ல, 3-க்கு மேலன்னா கடுமையான கட்டுப்பாடு. பயிர் பக்கம் மாஸ், ஹாஃப்மன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1977-ல தொகுத்த எல்லைகள் இருக்கு, மண் சாற்று ஈசில பீன்ஸ் 1, வெங்காயம் 1.2, மக்காச்சோளம் 1.7, தக்காளி 2.5, நெல் 3, கோதுமை 6, பருத்தி 7.7, பார்லி 8, அதுக்கு மேல போக மகசூல் குறைய ஆரம்பிக்கும். எவ்வளவு கூடுதல் தண்ணி அலசலுக்கு விடணும்னா, தண்ணி ஈசியை, பயிர் எல்லையோட அஞ்சு மடங்குலருந்து தண்ணி ஈசியைக் கழிச்சு வர்றதால வகுங்க. தண்ணி 1.5, தக்காளின்னா 1.5-ஐ 11-ஆல வகுக்கிறோம், கிட்டத்தட்ட 14 சதவீதம். இதே தண்ணில மக்காச்சோளம்னா 21 சதவீதம். அந்தக் கூடுதல் தண்ணியும் கீழ போக வழி இருந்தா மட்டும்.

அறிகுறி: எல்லாம் பண்ணியாச்சு, இன்னும் சரியாகல

முதல்ல அளவு பொய் சொல்லுதான்னு பாருங்க. ஜிப்சம் போட்ட மண்ணுல ஒண்ணுக்கு அஞ்சு கரைசல்ல அந்த ஜிப்சமும் கரைஞ்சு ஈசியை 2-க்கு மேலகூட கொண்டுபோகும், அதை பத்தால பெருக்கி 20-ன்னு பார்த்து பயந்துபோனவங்க இருக்காங்க. அந்த வயலுக்கு ஆய்வகத்துல நிறைவுச் சாறுதான் எடுக்கணும்.

அடுத்து தண்ணி அளவு. தேக்கி வெச்சு அலசும்போது ஒரு அடி மண்ணுக்கு ஒரு அடி தண்ணி உள்ள இறங்கினா கரையுற உப்புல சுமார் 80 சதவீதம் போகும், அரை அடின்னா பாதி போகும். மொத்தமா தேக்குறதைவிட விட்டு விட்டு, ஒரு பாய்ச்சல் இறங்கி நாள் கழிச்சு அடுத்ததுன்னு செஞ்சா கம்மித் தண்ணியிலயே வேலை முடியும். வயல் சமமா இல்லன்னா தண்ணி நிக்குற பள்ளம் மட்டும் அலசும், மேட்டுல உப்பு சேரும், மட்டம் பண்ணாம எந்த அலசலும் முழுசா நடக்காது. அலசி முடிச்சு நிலத்தை வெறுமனே காயப்போட்டாலும் உப்பு திரும்ப மேல வந்துடும், உடனே பயிர் போடுங்க, முடியலன்னா மூடாக்கு போடுங்க.

கடைசியா வடிகால் எங்க போய் விழுதுன்னு பாருங்க. உங்க உப்பு பக்கத்து வயலுக்கோ குடிதண்ணிக் குளத்துக்கோ போனா அது தீர்வு இல்ல. கலிஃபோர்னியாவுல சான் வாக்கீன் பள்ளத்தாக்கு வடிகால் தண்ணியை கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்துல கொண்டுபோய் விட்டாங்க, மண்ணுல இருந்த, அளவு மீறினா நஞ்சாகிற செலினியம்ங்கிற தனிமமும் கூடவே போய் சேர்ந்து, 1983-ல அங்க நீர்ப்பறவைக் குஞ்சுகள் உருக்குலைஞ்சு பொறிச்சது தெரியவந்துச்சு. வடிகால் தண்ணியை ஒரு தடவையாவது முழுசா பரிசோதனை பண்ணிட்டுத்தான் எங்க விடுறதுன்னு முடிவு பண்ணணும், ஈசி ரொம்ப கூடுதல் இல்லன்னா பருத்தி, பார்லி மாதிரி தாங்குற பயிருக்கு ஒரு சுத்து பாய்ச்சி அளவைக் குறைச்சுக்கலாம்.

வடிகால் வாய்ல வாரம் ஒரு தடவை ஈசியும், ஒரு பக்கெட் நிரம்ப எத்தனை வினாடி ஆகுதுன்னும் எழுதுங்க, நீர்மட்டம் பார்க்க இறக்கின பைப்போட அளவையும் அதே நோட்டுல எழுதுங்க. வெளிய போற உப்பு உள்ள வர்றதைவிட அதிகமா இருந்தா வயல் தேறுது, மேல் மண்ணுல இன்னும் மாற்றம் தெரியலன்னாலும் பொறுமையா தொடருங்க. வடிகால்ல தண்ணியே வரல, அந்த பைப்ல மட்டம் மட்டும் ஏறுதுன்னா வடிகால் எங்கயோ அடைச்சிருக்கு, பாய்ச்சலை நிறுத்திட்டு முதல்ல அதைத் தோண்டிப் பாருங்க.